புட்டிக்குள் பெய்யும் மழை

1829-இல் கிழக்கு லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்க்க ஆசை. முளைத்ததோ ஒரு பெரணியும் புல்லும்! தோட்டத்தில் அவர் நட்ட பெரணிகளையெல்லாம் நிலக்கரிப் புகை கருக்கியிருந்தது. யாரும் நடாத இதுவோ, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தழைத்தது. கடைசியில் மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே புகுந்துதான் செத்தது.

செடி உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் அதன் உடலில் தங்குவதில்லை. இலையின் நுண்துளைகள் வழியே ஆவியாகிவிடும். இதுதான் நீராவிப்போக்கு. வெட்டவெளியில் அந்த ஆவி காற்றோடு போய்விடும். புட்டிக்குள் எங்கே போவது? இரவில் கண்ணாடி குளிர்ந்ததும் உட்பக்கம் முத்து முத்தாக அரும்பும். பக்கத்துத் துளியோடு சேர்ந்து கனக்கும். சட்டென்று கோடிழுத்து வழிந்து மண்ணில் இறங்கும்.

எவ்வளவு நீர்? பத்தடி நீளம், அகலம், உயரமுள்ள கண்ணாடி அறையை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரி செல்சியஸில் அதன் காற்று சுமார் 850 மில்லி நீரை ஆவியாக ஏந்தும். 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் கால் லிட்டருக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிச்சம் அரை லிட்டருக்கும் மேல் துளிகளாகிவிடும்!

குளிர்நாட்டு வீடுகளில் கண்ணாடி அறை கட்டி ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஹீட்டர் போட்டால் வெப்பமண்டலம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஈரம் நிறைந்த 10 டிகிரி காற்றை அப்படியே 30-க்குச் சூடாக்கினால், அது ஏந்தக்கூடிய ஈரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் இருக்காது. இலை நுனி காய்ந்து பழுப்பாகும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். கூழாங்கல்லும் நீரும் நிரப்பிய தட்டின்மேல் தொட்டியை வைப்பார்கள். என்னைக் கேட்டால், ஹீட்டருக்கு முன்பே ஈரமானி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

வார்டு சும்மா இருக்கவில்லை. 1833-இல் செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து சிட்னிக்குக் கப்பலேற்றினார். உப்புக்காற்று தீண்டாமல், குடிநீர் கேட்காமல், அவை பச்சைப் பசேலென்று கரை சேர்ந்தன. 1876-இல் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த சுமார் 1,900 ரப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்ததும் இத்தகைய வார்டு பெட்டிகளில்தான்.

நீங்களும் ஒரு புட்டியில் முயலலாம். பெரணியோ பாசியோ வையுங்கள். கள்ளி, கற்றாழை வேண்டாம், அழுகிவிடும். நேர்வெயிலிலும் வைக்காதீர்கள்: மூடிய கண்ணாடிக்குள் செடி வெந்தே போகும்.