நம் தடம், நம் கடிகாரம்



"பக்கத்துத் தெருவில் பெரிய கடை வந்துவிட்டது. போனில் சொன்னால் சாமான் வீட்டுக்கே வருகிறது. இனி நம் மளிகைக் கடை எதற்கு?" காந்தி மார்க்கெட்டுக்குக் கொள்முதலுக்கு வரும் சில்லறை வியாபாரிகள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம் மாவட்டத்து ஓட்டப்பந்தய வீரர் ஒருவரை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம்.

லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, 400 மீட்டர் ஓட்டத்தில் நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் ஆரோக்கிய ராஜீவ். 2017-இல் அர்ஜுனா விருது பெற்றவர்.

முன்னால் நிற்பவர் முந்தியவர் அல்ல

400 மீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொருவரும் தம் தடத்திலேயே கடைசிவரை ஓட வேண்டும். வெளித்தடங்களுக்கு வளைவு நீளம். அதைச் சரிக்கட்ட, எட்டாவது தடத்து வீரர் முதல் தடத்து வீரரைவிட ஏறத்தாழ 53 மீட்டர் முன்னால் நின்று புறப்படுவார். பார்ப்பவருக்கு அவர் முந்திவிட்டதாகத் தோன்றும். ஆனால் எல்லோருக்கும் தூரம் ஒன்றே. உள்தடத்தில் நிற்பவர் இதைக் கண்டு பதறினால் அங்கேயே தோற்றார். பெரிய கடையின் விளக்கையும் கூட்டத்தையும் பார்த்து நாம் மலைப்பதும் இப்படித்தான். அவர்களுடைய வாடகையும் சம்பளமும் வட்டியும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இடம் வேறு, நேரம் வேறு

2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ராஜீவ் 45.92 விநாடியில் ஓடி வெண்கலம் வென்றார். 2018-இல் ஜகார்த்தாவில் 45.84 விநாடியில் ஓடினார். முன்னதைவிட வேகம், ஆனால் கிடைத்தது நான்காவது இடம். மற்றவர்கள் எப்படி ஓடுவார்கள் என்பது அவர் கையில் இல்லை. தம் நேரம் மட்டுமே அவர் கையில் இருந்தது.

நாமும் இரண்டு கணக்கு வைக்க வேண்டும். அடுத்த கடையைப் பார்ப்பது ஒன்று. நம் பேரேட்டைப் பார்ப்பது மற்றொன்று. தினமும் ரொக்க விற்பனை, கொடுத்த கடன், வசூலான கடன் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள். ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர்கள் இந்த வைகுண்ட ஏகாதசியைச் சென்ற வைகுண்ட ஏகாதசியோடுதான் ஒப்பிட வேண்டும். சாதாரணச் செவ்வாய்க்கிழமையோடு அல்ல.

கடைசி நூறு மீட்டர்

இந்த ஓட்டத்தில் முழு வேகத்தைக் கடைசிவரை காப்பாற்றும் வீரர் உலகிலேயே இல்லை. கடைசி 100 மீட்டரில் எல்லோருக்கும் கால் கனக்கும். குறைவாகத் தளர்பவரே பெரும்பாலும் முந்துவார். அதற்காகத் தொடக்கத்திலேயே வேகத்தை அளந்து செலவிடுகிறார்கள்.

நம் மாதமும் அப்படித்தான். முதல் வாரம் சம்பளப் பணம் புழங்கும். கல்லா நிறைந்திருக்கிறதே என்று சரக்கை வாங்கிக் குவித்து, கேட்டவருக்கெல்லாம் கடன் எழுதினால், 25-ஆம் தேதிக்கு மேல் மண்டிக்குக் கொடுத்த செக்குக்குப் பணம் இருக்காது. நல்ல கடைகள் மூடுவது விற்பனை இல்லாமல் அல்ல; பல சமயம் இந்தக் கடைசி வாரத்தில் மூச்சு முட்டித்தான். வரவில் ஒரு பங்கை முதல் வாரத்திலேயே ஒதுக்கி வையுங்கள். கடனுக்கு ஆளுக்கொரு வரம்பு வையுங்கள்.

நேர்மை வீண்போகாது

அதே ஜகார்த்தாவில் ராஜீவ் ஓடிய கலப்புத் தொடர் ஓட்ட அணிக்கு வெள்ளி கிடைத்தது. தங்கம் வென்ற பஹ்ரைன் அணியில் ஒருவர் தடைசெய்யப்பட்ட மருந்து எடுத்தது பின்னர் வெளியாகி, அந்த அணி தகுதி நீக்கப்பட்டது. 2020-இல் நம் அணியின் வெள்ளி தங்கமாக உயர்த்தப்பட்டது. எடையில் கை வைத்தும் கலப்படம் செய்தும் முன்னால் ஓடுபவரைக் கண்டு மனம் தளர்கிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். நேர்மைக்குப் பலன் வர இரண்டு ஆண்டு ஆகலாம். அதுவரை கடை நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் மேலே சொன்ன கணக்கும் நிதானமும்.

இன்றிரவு கடையடைக்கும் முன் அந்த மூன்று தொகைகளையும் எழுதத் தொடங்குங்கள். ஓராண்டு கழித்து நம் ஓட்டம் எப்படி என்பதை அந்த நோட்டே சொல்லும்.

வளர்க வணிகம்!