நகராத் தலைப்புகள்

பெரிய பட்டியலொன்றைக் கணிப்பொறித் திரையில் படிப்போர் யாவரும் அறிந்த இடர் ஒன்று உண்டு. பட்டியலின் தொடக்கத்தில் நிற்கும்வரை எல்லாம் தெளிவாகவே விளங்கும். இந்த நெடுவரிசை தமிழ், அடுத்தது ஆங்கிலம், அதற்கடுத்தது கணிதம் என்று தலைப்புகள் நமக்கு உணர்த்திக்கொண்டே இருக்கும். கீழே செல்லச் செல்ல அத்தலைப்புகள் திரையின் மேல்விளிம்பிற்கு அப்பால் மறைந்துவிடும். வலப்புறம் சென்றாலோ மாணவர் பெயர்களே மறைந்துபோகும். எஞ்சி நிற்பவை எண்கள் மட்டுமே. பெயரும் தலைப்பும் இழந்த எண், முகவரி இல்லாத கடிதத்தை ஒக்கும்.

இதனால் விளையும் கேடு யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். தமிழில் 72, கணிதத்தில் 36 பெற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள் என்று கொள்வோம். பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஆதலால் அவள் இரண்டிலும் தேறியவளே. தலைப்பு மறைந்த நிலையில் பதிவு செய்பவர், அவளுக்குரிய 36 என்னும் எண்ணைத் தமிழ் நெடுவரிசையிலும் 72 என்பதைக் கணிதத்திலும் இட்டுவிட்டால் மொத்தம் மாறுமா? மாறாது, இரு நிலையிலும் 108 தான். கூட்டலைச் சரிபார்த்தால் பிழை வெளிப்படும் என்னும் நம்பிக்கை இங்கே பயன்படாது. கணிப்பொறி கூட்டலில் தவறுவதில்லை. ஆனால் எந்த எண் எந்தப் பாடத்துக்குரியது என்பதை அது அறியாது. அதனை அறியவேண்டியது மனிதக் கண். அந்தக் கண்ணுக்குத் தலைப்பு எப்பொழுதும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பழைய பேரேடுகளிலும் இத்தொல்லை இருந்தது. படிக்கும் வரியின் கீழே அடிக்கோலை வைத்து நகர்த்திக்கொண்டே செல்வது ஆசிரியர்களின் வழக்கம். பெயர் எழுதிய தாள் முழு அகலமாகவும், அடுத்துவரும் தாள்கள் ஓரம் வெட்டிக் குறுகியனவாகவும் அமைந்த பதிவேடுகளும் உண்டு. குறுந்தாள்களை எத்தனை புரட்டினும் பெயர்கள் கண்முன் நிற்கும். திரையில் இதே பயனைத் தருவதுதான் ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ என்னும் வசதி. நீர் ஓடும், பனிக்கட்டி நிற்கும். அதுபோல ஏனைய கட்டங்கள் ஓட, நாம் விரும்பும் கட்டங்களை மட்டும் உறையச் செய்து நிறுத்துகிறோம்.

இவ்வசதி புதியது அன்று. விரிதாள் என்று நாம் கூறும் கணக்குத்தாளைத் தனியாள் கணிப்பொறிக்கு முதன்முதல் கொணர்ந்து புகழ்பெற்றது ‘விசிகால்க்’. டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆக்கிய அது 1979-இல் வெளிவந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பிரிக்லின் பயின்றபோது, கரும்பலகையில் பேராசிரியர் ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த பல எண்களையும் அழித்தெழுத வேண்டியிருந்ததைக் கண்டே இக்கருத்தை அடைந்தார். அந்த முதல் நூற்பொறியிலேயே தலைப்புகளை நிலைநிறுத்தும் கட்டளை இருந்தது. அதன் தாளில் இருந்தவை 254 கிடைவரிசைகளே. 2007 பதிப்பு முதலாக எக்செல் தாளில் 10,48,576 கிடைவரிசைகளும் 16,384 நெடுவரிசைகளும் உள்ளன. திரையிலோ ஒரு வேளையில் சில பத்து வரிசைகளே தெரியும். அன்று வேண்டப்பட்டது இன்று எத்துணை இன்றியமையாதது என்பதை நேயர்களே உய்த்துணரலாம்.

இனிச் செய்முறையைக் காண்போம். முதல் வரிசையில் பள்ளியின் பெயரும், இரண்டாம் வரிசையில் பாடத் தலைப்புகளும் உள்ளன. ‘ஏ’ நெடுவரிசையில் வரிசையெண்ணும், ‘பி’ நெடுவரிசையில் மாணவர் பெயரும் உள்ளன என்று கொள்க. நாம் தெரிவு செய்யவேண்டிய கட்டம் ‘சி3’. தெரிவு செய்த கட்டத்திற்கு மேலுள்ள வரிசைகளும், இடப்புறமுள்ள நெடுவரிசைகளும் உறையும் என்பதே விதி. அக்கட்டத்தைத் தொட்டு, ‘வியூ’ பகுதியில் ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ என்பதை அழுத்தினால் போதும். ‘லிப்ரே ஆபீஸ்’, ‘கூகுள் ஷீட்ஸ்’ ஆகியவற்றிலும் ‘வியூ’ பட்டியிலேயே ‘ஃப்ரீஸ்’ என்னும் கட்டளை இருக்கக் காணலாம்.

இப்பொழுது திரை நான்கு கூறுகளாகிறது. இடப்புற மேல்மூலை அசையாது. வலப்புற மேற்கூறு பக்கவாட்டில் மட்டும் நகரும். இடப்புறக் கீழ்க்கூறு மேலும் கீழும் மட்டும் நகரும். எஞ்சிய பெருங்கூறு இருதிசையிலும் நகரும். ஆகவே ஐந்நூறாவது மாணவரின் அறிவியல் மதிப்பெண்ணைக் காணும்போதும் பெயர் இடப்புறத்திலும் பாடம் மேலேயும் நின்று சான்று கூறும்.

நான்கு எச்சரிக்கைகள் கூறுவேன். முதலாவது, உறையச் செய்யும்முன் தாளின் தொடக்கத்திற்குச் சென்றுவிடுக. எக்செல்லில் முதல் வரிசைகள் அப்பொழுது திரைக்கு வெளியே இருந்தால், உறைநிலையை நீக்கும்வரை அவை தோன்றா. இரண்டாவது, வேண்டியதற்கு மேல் உறையச் செய்யற்க. திரை முழுவதும் உறைந்துவிட்டால் நகர்வதற்கு இடமிராது. மூன்றாவது, உறைதல் வேறு, பூட்டுதல் வேறு. உறைந்த கட்டத்திலும் எவரும் எழுதலாம், அழிக்கலாம். நான்காவது, இது திரைக்கு மட்டுமே உரியது. அச்சிடும்போது ஒவ்வொரு தாளிலும் தலைப்பு வரவேண்டுமாயின், ‘பேஜ் லேஅவுட்’ பகுதியில் ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ என்பதில் தனியே குறித்தல் வேண்டும்.

இத்தனைக்கும் ஆகும் நேரம் அரை நிமிடம். பட்டியலில் முதல் எண்ணை இடுமுன் அந்த அரை நிமிடத்தைச் செலவிடுவது நன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு குழந்தையோ, ஓய்வூதியம் பெறும் முதியவரோ, கூலியை எதிர்நோக்கும் தொழிலாளியோ இருக்கிறார். அவரவர்க்கு உரியது அவரவரிடம் சேர்வதற்கு, அவர் பெயர் நம் கண்ணைவிட்டு அகலாதிருத்தல் வேண்டும்.