கீரைக்கொல்லையும் வேதாகமமும்

ஆரணி வட்டாரத்துத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை ஞாயிறு என்றால் உள்ளே நுழையும்போதே பச்சைக் காய்கறி வாசம் அடிக்கும். பீடத்துக்கு முன்னால் பூசணி, சுரைக்காய், கீரைக்கட்டு, ஒரு தார் வாழை. ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் சில்லறைக்குப் போகிற சுரைக்காய் இங்கே நூறு ரூபாயைத் தாண்டும். ஏலம் எடுத்தவரே அதைத் திரும்பவும் காணிக்கையாக வைத்துவிட, இன்னொருவர் கேட்க ஆரம்பிப்பார். அந்த ஒரே காய் நாலைந்து கை மாறுவதும் உண்டு.

ஆரணிக்குக் கிறிஸ்தவம் புதிதல்ல. 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் ஆரம்பகாலத் தலங்களில் இதுவும் ஒன்று. இந்த வட்டாரத்தின் தறி ஓடும் ஊர்களில் கொல்லைப்புறம் கையகலம் இருந்தாலும் ஆடியில் அவரை ஊன்றிவிடுவார்கள். அப்படி ஒரு கொல்லையை வைத்திருப்பவர் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் தன் பாத்தியையே அதில் பார்க்கலாம். அதற்கு மொழிபெயர்த்தவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் மன்னா என்ற உணவையே தின்று சலித்த இஸ்ரவேலர் எகிப்தில் சாப்பிட்டதை நினைத்து அழுகிறார்கள். வெள்ளரி, கொம்மட்டி, வெங்காயம், பூண்டு எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. மேலைநாட்டார் லீக் என்று எழுதிய வெங்காய இனச் செடி தமிழில் கீரை ஆகிவிட்டது. மூல எபிரேயச் சொல்லுக்குப் பசும்புல் என்ற பொருளும் இருப்பதால் அது தவறும் இல்லை. அடிமைத்தனத்தை மறந்து நாக்கின் ருசியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் மனசைப் பற்றிய பாடம், சமையற்கட்டு வழியாகவே வந்துவிடுகிறது.

யோனா தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடியின் கதை இன்னும் சுவையானது. பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் அது சுரைக்கொடி. புதிதாக லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதை ஐவி என்ற படர்கொடியாக மாற்றினார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில் ஆயர் அந்தப் புதுச் சொல்லை வாசித்ததும் சபையே கொந்தளித்தது. ஆயர் தம் மக்களை இழக்கும் நிலை வந்ததாக, ஏறத்தாழ 403-இல் அகஸ்டின் ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். தமிழில் அந்தச் செடி ஆமணக்கு. வரப்பில் முளைத்த ஆமணக்கைப் பார்த்தவருக்குக் கதை உடனே புரியும். மளமளவென்று வளரும். இலை கைவிரித்த மாதிரி அகலம். தண்டை ஒடித்தால் உள்ளே வெற்றுக் குழல். புழு விழுந்தால் இலையெல்லாம் போய்விடும். தான் நடாத அந்தச் செடிக்காக யோனா இவ்வளவு வருந்தினால், நினிவே நகரில் இருக்கும் லட்சத்து இருபதினாயிரம் பேருக்கும் அதிகமானவர்களுக்காகத் தான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார்.

உபாகமம் 11-ஆம் அதிகாரம் எகிப்தைக் காலால் தண்ணீர் பாய்ச்சும் கீரைத்தோட்டத்துக்கு ஒப்பிட்டு, வாக்களித்த தேசமோ மழையைக் குடிக்கும் பூமி என்கிறது. காலால் எப்படிப் பாய்ச்சுவது என்று அந்தக் காலத்துத் தமிழ் விவசாயி கேட்டிருக்க மாட்டார். ஏற்றமரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்தவர் அவர். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஏற்றப்பாட்டு மெட்டையே எடுத்து ஞான ஏற்றப்பாட்டு செய்தார். ஏரி நிரம்பினால்தான் விளைச்சல் என்றிருக்கும் ஆரணி வட்டாரத்தில், வானத்தை நம்பி வாழ்வது என்றால் என்ன என்பதை விளக்கவே வேண்டியதில்லை.

கடுகுவிதை உவமையைக் கேட்காத சபை கிடையாது. கீரைக்கொல்லைக் கதையோ அபூர்வமாகத்தான் பிரசங்கத்தில் வருகிறது. அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டம். அதைக் கீரைக்கொல்லை ஆக்கிக்கொள்ள ஆகாப் ராஜாவுக்கு ஆசை. பதிலுக்கு இதைவிட நல்ல தோட்டமோ பணமோ தருவதாகச் சொல்கிறான். பாட்டன் பூட்டன் விட்ட சொத்து என்று நாபோத் மறுக்கிறான். பொய்ச்சாட்சி தயாராகிறது. ஊருக்கு வெளியே அவனைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். பூர்வீகக் காணியெல்லாம் மனைக்கட்டாக மாறிவரும் நாட்களில் இந்தக் கதையைத்தான் அடிக்கடி சொல்ல வேண்டும். நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள ஆகாப் வந்து நின்றபோது எலியா தீர்க்கதரிசி அவனை எதிர்கொண்டது அந்தத் தோட்டத்துக்குள்ளேயேதான்.