மாடி வீட்டுக்கு லிப்ட்: இடம் எங்கே இருக்கிறது?



நம்மில் பலருக்குக் கீழே கடை, நடுவே குடோன், மேலே வீடு. அடியேன் திருவள்ளூரில் 1994-ல் கட்டியதும் அப்படித்தான். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. ஒரு நாளைக்கு இருபது முறை மாடி ஏறி இறங்குவேன். முப்பது வருடம் கழித்து இந்தப் படிகள் என்ன செய்யும் என்று யார் நினைத்தோம்?

என் துணைவியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. பதினான்கு மாதங்கள் அவர் தெருவில் கால் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு முறை மட்டும் இறங்கினார். அதுவும் நம் லோடுமேன்கள் இருவர் நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கினார்கள். கடை வழியாக, வாடிக்கையாளர்கள் பார்க்க, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனார். அன்று இரவே லிப்ட் வைப்பது என்று முடிவு செய்தேன். பணத்தைக்கூடப் புரட்டிவிட்டேன். இடம் கண்டுபிடிக்கத்தான் ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

லிப்டின் இடம் என்பது ஒரு தளத்தின் இடம் அல்ல

நாம் செய்யும் முதல் தவறு, கீழ்த்தளத்தில் எந்த மூலை காலி என்று தேடுவது. கீழே காலியாக இருக்கும் மூலைக்கு நேர் மேலே பீம் இருக்கும், அதற்கு மேலே சமையலறை மேடை இருக்கும். தரை முதல் மொட்டை மாடி வரை எல்லாத் தளத்திலும் ஒரே நேர்கோட்டில் கிடைப்பதே லிப்டுக்கு இடம். மொட்டை மாடியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை இறக்கிப் பாருங்கள். எந்த அறையின் எந்த மூலை எதன் மேல் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். நமக்கே தெரியாத அரையடி, ஓரடி வித்தியாசமெல்லாம் வெளியே வரும்.

அடுத்ததாக, ஒவ்வொரு தளத்திலும் சாக்பீஸால் கட்டம் போட்டு, நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, யாருக்காக லிப்ட் வைக்கிறோமோ அவரையே உட்காரச் சொல்லுங்கள். காகிதத்தில் போதும் என்று தோன்றிய இடம் தரையில் போதாது.

நான்கு அளவுகள்

முதலாவது, நீள அகலம். இந்தியத் தர நிர்ணய அளவில், கயிற்றில் ஓடும் நான்கு பேர் லிப்டின் கூண்டு உள்ளே 1100க்கு 700 மில்லிமீட்டர், அதாவது சுமார் 3 அடி 7 அங்குலத்துக்கு 2 அடி 4 அங்குலம். ஆனால் அது ஓட வேண்டிய கிணறு 1900க்கு 1300 மில்லிமீட்டர், அதாவது 6¼ அடிக்கு 4¼ அடி. கூண்டின் அளவைச் சொல்லி விற்பார்கள். நாம் கேட்க வேண்டியது கிணற்றின் அளவு. வீட்டுக்கென்றே வரும் சிறிய லிப்டுகள் நாலடிக்கு நாலடி இடத்திலும் அடங்கும். ஆனால் சக்கர நாற்காலியும், கூட ஒரு ஆளும் போக வேண்டுமானால் கூண்டு 1100க்கு 1400 மில்லிமீட்டர் இருப்பது நல்லது. இன்று நடக்கிறவர் நாளையும் நடப்பார் என்று கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது, அடியில் பள்ளம். கயிற்று லிப்டுக்குத் தரைக்குக் கீழே நாலைந்து அடி பள்ளம் கேட்பார்கள். வீட்டு லிப்டுகளில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் ரகத்துக்கு அரையடி, ஓரடி போதும். திருகாணி போன்ற தண்டில் ஏறி இறங்கும் ரகத்துக்குச் சில அங்குலமே போதும்.

மூன்றாவது, தலைக்கு மேலே உயரம். கடைசித் தளத்தின் தரையிலிருந்து மேலே கயிற்று லிப்டுக்குப் பதினான்கு அடிகூடத் தேவைப்படும். அதாவது மொட்டை மாடிக்கு மேலே ஒரு கூடு கட்ட வேண்டும். வீட்டு லிப்டுகளுக்கு ஒன்பது, பத்து அடியில் முடிந்துவிடும்.

நான்காவது, வாசல். சக்கர நாற்காலிக்கு வாசல் இரண்டே முக்கால் அடியாவது இருக்க வேண்டும். வாசலுக்கு முன்னே நாற்காலியைத் திருப்பவும் இடம் வேண்டும். கட்டம் போடும்போது இந்த இடத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

கண்ணாடிக் குழாய் போன்ற, காற்றழுத்தத்தில் ஓடும் லிப்டும் உண்டு. பள்ளமே வேண்டாம், பார்க்கவும் அழகு. ஆனால் சிறிய அளவுகளில் ஓரிருவர் நிற்கத்தான் முடியும், சக்கர நாற்காலி நுழையாது.

எங்கே தேடலாம்?

பழைய வீடுகளில் படிக்கட்டு சுற்றி ஏறும்போது நடுவில் வெற்றிடம் இருக்கும். மூன்றரை, நான்கு அடி இருந்தால் சிறிய லிப்ட் அடங்கும். முப்பது வருடத்துக்குள் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் அங்கே ஓரடிகூட இருக்காது.

முற்றம் வைத்த வீடுகளில் முற்றத்தின் ஒரு மூலை வசதி. முழு முற்றத்தையும் அடைத்தால் வெளிச்சமும் காற்றும் போய்விடும்.

வீட்டுக்கு வெளியே, பின்சுவரை ஒட்டி இரும்புச் சட்டத்தில் கிணறு எழுப்பலாம். நம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இரும்புக்கும் வெல்டிங் ஆட்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் எல்லையிலிருந்து சட்டப்படி விட்டிருக்கும் காலியிடம் நம் இஷ்டத்துக்கு உரியதல்ல. உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்காமல் அங்கே கட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனு போட்டாலே போதும், வேலை நின்றுவிடும்.

கடைசி வழி, தளத்தை வெட்டுவது. ஒன்றன்மேல் ஒன்றாக வரும் ஸ்டோர் ரூம், குளியலறை, அலமாரி மூலை ஆகியவை ஏற்றவை. பீமையும் தூணையும் தொடவே கூடாது. வெட்டிய விளிம்புக்குத் தாங்கு பீம் கொடுக்க வேண்டும். இதைக் கட்டட என்ஜினீயர் எழுதிக் கொடுக்க வேண்டும். கொத்தனார் தைரியம் சொன்னால் போதாது.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

எனக்கு முதலில் கம்பெனிக்காரர் ஒருவர் காட்டிய இடம் கடையின் முன் இடது மூலை. அளவு சரியாக இருந்தது, சம்மதித்துவிட்டேன். அன்று இரவு ஷட்டரை இறக்கும்போதுதான் உறைத்தது. இரவு பதினொரு மணிக்கு நெஞ்சுவலி என்றால் லிப்டில் இறங்கி எங்கே போவது? பூட்டிய கடைக்குள்தானே வந்து நிற்கும்! லிப்டின் கீழ் வாசல் கடைக்குள் திறக்கக் கூடாது. வீட்டுக்கென்று உள்ள தனி வழியில், பக்கச் சந்திலாவது திறக்க வேண்டும். கல்லாப்பெட்டிக்கும் அதுதான் பாதுகாப்பு.

நடுவிலுள்ள குடோன் தளத்தில் வாசல் வைக்காமல் அடைத்துவிடுவது மேல். மிளகாய்த் தூளும் தவிட்டுத் தூசியும் கதவு ஓடும் பள்ளத்தில் படியும். நாலு துவரம்பருப்பு சிக்கினாலே கதவு மூடாது. எலி வயரைக் கடிக்கும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் ஒரு நண்பர் ஐந்தடிப் பள்ளத்தோடு லிப்ட் வைத்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பள்ளம் கிணறாகவே ஆகிவிட்டது. மூன்று வாரம் லிப்ட் ஓடவில்லை. நம் மாவட்டத்தில் தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் பள்ளம் குறைவான ரகத்தைப் பாருங்கள். வாசல் படியைத் தெருவிலிருந்து உயர்த்திச் சரிவுப் பாதை கொடுங்கள். மின்கட்டுப்பாட்டுப் பெட்டியை மேல் தளத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

மூட்டை ஏற்றுவது வேறு, மனிதர் ஏறுவது வேறு

குடோனில் மூட்டை ஏற்றும் ஹாய்ஸ்ட் வைத்திருப்பவர்கள், ‘தனியாக லிப்ட் எதற்கு? அதிலேயே அம்மாவை ஏற்றி இறக்கலாம்’ என்று நினைப்பதுண்டு. தயவுசெய்து வேண்டாம்.

மனிதர் லிப்டின் கதையே இந்த வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது. கயிறு அறுந்தால் கீழே விழும் என்ற பயத்தால் அக்காலத்தில் சரக்கு மேடைகளில் ஏற மக்கள் அஞ்சினார்கள். எலிஷா ஓட்டிஸ் என்ற அமெரிக்கர் 1854-ல் நியூயார்க் பொருட்காட்சியில் தானே மேடையில் நின்று, கயிற்றை அறுக்கச் சொல்லிக் காட்டினார். கயிறு தளர்ந்தவுடன் ஸ்பிரிங் விரிந்து, பக்கத் தண்டவாளப் பற்களில் மாட்டி மேடை நின்றுவிட்டது. மூன்று வருடம் கழித்து 1857-ல் அவர் முதல் பயணிகள் லிப்டை வைத்த இடம் அரண்மனை அல்ல, நியூயார்க்கில் ஒரு ஐந்து மாடிக் கடை. பீங்கான், கண்ணாடிச் சாமான் விற்ற ஹாவ்அவுட் கடை அது. வாடிக்கையாளரை மாடிக்கு வரவழைக்க ஒரு வியாபாரி செய்த ஏற்பாடு!

கயிறு போனாலும் பிடித்து நிறுத்தும் அமைப்பு, கதவு மூடாவிட்டால் நகராத பூட்டு ஆகிய இரண்டும் நம் குடோன் ஹாய்ஸ்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. இவை இல்லாத ஒன்றில் மனிதரை ஏற்றக் கூடாது.

அனுமதியும் விலைப்புள்ளியும்

நம் மாநிலத்தில் 1997-ஆம் ஆண்டு லிப்ட் சட்டம் உள்ளது. லிப்ட் நிறுவும் முன் அனுமதி, ஓட்டும் முன் உரிமம் என்று இரண்டு கட்டம். அரசின் தலைமை மின் ஆய்வாளர் துறை இதைக் கவனிக்கிறது. தளத்தை வெட்டிய பிறகு அனுமதிக்கு அலையாதீர்கள், முதலிலேயே விண்ணப்பியுங்கள். வீட்டு லிப்டுகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2002-ல் ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டுள்ளது, எண் ஐ.எஸ். 15259. அதன்படி இருக்கிறதா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

விலைப்புள்ளி வாங்கும்போது தளம் வெட்டுவது, இரும்புச் சட்டம், சாரம், மின்வேலை, ஜி.எஸ்.டி. ஆகியவை யார் தலையில் என்று வரிவரியாகக் கேளுங்கள். மூட்டைக்கு விலை பேசும்போது ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி கேட்கிறோமே, அது மாதிரி. கரண்ட் போனால் பேட்டரியில் அருகிலுள்ள தளத்துக்கு வந்து கதவு திறக்கும் வசதி கட்டாயம் வேண்டும். வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தையும் அப்போதே பேசிவிடுங்கள்.

எங்கள் வீட்டில்

தூக்குக்குண்டு இறக்கிப் பார்த்ததில் எங்களுக்குக் கிடைத்த நேர்கோடு பின்பக்கச் சந்தை ஒட்டி வந்தது. கீழே ஸ்டோர் ரூம், நடுவே குடோன் மூலை, மேலே பூஜை அறை. "பூஜை ரூமை இடிக்கிறதா இருந்தா எனக்கு லிப்டே வேண்டாம். நான் மேலயே இருந்துட்டுப் போறேன், நீங்க கடையைப் பாருங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டார். மூன்றடி தள்ளினோம். குளியலறை போயிற்று. குழாய் மாற்றச் செலவு கூடியது, வேலை ஒரு மாதம் இழுத்தது. கிணறு 5¼ அடிக்கு 5½ அடி. கீழ் வாசல் சந்தில் திறக்கிறது. குடோனில் 30 சதுர அடிக்கு மேல் போனதில் எனக்கு வருத்தமில்லை. முப்பது வருடமாக அங்கே அடுக்கிய மூட்டையெல்லாம் யாருக்காக?

சென்ற தை அமாவாசையன்று அவர் தானே பட்டனை அழுத்திக் கீழே வந்தார். நம் ஊர் வழக்கப்படி வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் கரைக்க வெல்லம் வேண்டும் என்றார். நம் கடை வெல்லத்தையே கையில் கொடுத்து அனுப்பினேன். யாரும் தூக்கவில்லை, அவரும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

இப்போது புதிதாகக் கட்டும் இளைய வணிகர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று லிப்ட் வைக்க வேண்டாம். எல்லாத் தளத்திலும் ஒரே நேர்கோட்டில், பீம் குறுக்கே வராமல், ஐந்தரைக்கு ஐந்தரை அடி ஒரு சிறு அறையை விட்டு வையுங்கள். அதுவரை ஸ்டோர் ரூமாக இருக்கட்டும். கீழ் அறைக்குத் தெருவில் தனி வாசல் இருக்கட்டும். பிளானில் ஒரு கட்டம் போடுவதற்கு இன்று செலவில்லை. நான் போடாததற்கு ஒரு குளியலறையும், அதற்கு மேல் என் துணைவியாரின் பதினான்கு மாதங்களும் விலையாகப் போயின.