விலகல் முறைச் சுற்றுப்போட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உதைபந்தாட்டக் கழகங்கள் பலவும் ஊர்ப்பெயரை முன்னே தாங்கியவை. நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், ஊரெழு றோயல் முதலியவற்றை நீங்கள் அறிவீர்கள். இவற்றில் ஆடுவோருட் பெரும்பாலோர் ஊதியத்திற்காக ஆடுபவரல்லர். கடலிலோ, தோட்டத்திலோ, கந்தோரிலோ உழைத்துவிட்டு மாலையில் மைதானத்திற்கு வருபவர்கள். இத்தகைய கழகங்கள் மோதும் விலகல் முறைச் சுற்றுப்போட்டியைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறேன்.

விலகல் முறை என்பது யாது? தோற்ற குழு அன்றே போட்டியிலிருந்து நீங்கும். வென்ற குழு அடுத்த சுற்றுக்குச் செல்லும். 16 கழகங்கள் லீக் முறையில் ஒருமுறை மோதுவதற்கு 120 ஆட்டங்கள் வேண்டும். விலகல் முறைக்கோ 15 ஆட்டங்கள் போதும். ஓர் ஆட்டம் ஒரு கழகத்தை விலக்குகிறது. 15 கழகங்கள் விலகினால் எஞ்சுவதே வெற்றிக் கழகம். கழகங்கள் 13 ஆயின், சீட்டுக் குலுக்கி மூன்றுக்கு முதற்சுற்றில் ஓய்வளிப்பர். ஏனைய பத்தில் ஐந்து வெல்ல, இரண்டாஞ் சுற்றில் எட்டுக் கழகங்கள் நிற்கும். பொருளும் ஓய்வும் குறைந்த கழகங்களுக்கு இம்முறை ஏற்றதாயிருப்பதன் காரணம் இதுவே.

இம்முறையைப் புகழ்பெறச் செய்தது 1871ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய எப். ஏ. கிண்ணப் போட்டி. அயர்லாந்திலே, கையாலும் காலாலும் ஆடப்படும் கேலிக் உதைபந்தாட்டத்திலும் இவ்வழக்கம் உண்டு. அங்கும் வீரர் ஊதியம் பெறுவதில்லை. தத்தம் மாவட்டத்தில் வென்ற ஊர்க் கழகங்கள் மாகாணப் போட்டியில் விலகல் முறையில் மோதுகின்றன.

இம்முறையில் ஒரு கடுமையும் உண்டு. லீக்கில் இன்றைய தோல்வியை நாளை ஈடுசெய்யலாம். இங்கு அதற்கு இடமில்லை. சமநிலையில் முடிந்தாலும் ஒருவர் விலகியே தீரவேண்டும். 1968ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் நாடும் கோலின்றி நின்றபோது, நாணயத்தைச் சுண்டியே இத்தாலியைத் தெரிந்தனர். 1970இல் தண்ட உதை முறை விதியாக வந்தது. அதன்பின் முடிவு அதிருஷ்டத்தின் கையிலிருந்து ஆட்டக்காரரின் காலுக்கு மாறியது.

நம் நாட்டில் இத்தோல்வி மேலும் சுடுவதற்குக் காரணமுண்டு. 1990இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதிலுமிருந்து மக்களும் இடம்பெயர்ந்தபோது, வீட்டோடு மைதானமும் கைவிட்டுப் போயிற்று. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில் மீளத் திறக்கப்பட்டது. அக்காலத்தைக் கண்டவருக்கு, ஒலிபெருக்கியில் தம் ஊர்ப்பெயரைக் கேட்பது சிறு காரியமன்று. அப்பெயர் முதற்சுற்றிலேயே விலகும்போது மனம் பொறுப்பதில்லை. கோபம் நடுவர்மீதும் எதிரணிமீதும் பாய்கிறது.

ஆனால், நேயர்களே, விலகுவது அவ்வாண்டின் போட்டியிலிருந்து மட்டுமே. எதிரணியினரும் நம்மைப்போல் பகலெல்லாம் உழைத்து, தம் ஊர்ப்பெயரைச் சுமந்து வந்தவர்களே. தோற்ற வீரன் மறுநாள் மாலையும் பயிற்சிக்கு வரவேண்டும். அவனை வரச்செய்வது மைதானத்தைச் சுற்றி நிற்கும் நம் சொல்லேயாகும். ஆகவே, ஆட்டம் முடிந்தபின் இரு குழுவினருக்கும் கைதட்டிவிட்டு வீடு திரும்புவோமாக.