சகாய விலையும் சரியான மனையும்

சென்னைக்குள் மனை வாங்குவது சாமானியக் குடும்பங்களுக்கு எட்டாத காரியமாகிவிட்ட இந்நாளில், செங்கல்பட்டு, திருவள்ளூர் மார்க்கங்களில் ரயில் நிலையத்திலிருந்து சற்று உள்ளடங்கிய கிராமங்களை நாடுவது விவேகமே. ஆயினும், விலை சகாயம் என்ற ஒரே காரணத்தால் உடனே முன்பணம் கொடுத்துவிடலாகாது. அங்கீகாரமின்றிப் பிரிக்கப்பட்டு, 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாமலும், பின்னர் வரன்முறை செய்யப்படாமலும் இருக்கும் நிலத்துக்குப் பத்திரப் பதிவு கிடையாது என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும்.

தாய்ப்பத்திரத்தையும், முப்பது ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டி, பட்டாவிலுள்ள புல எண்ணைப் புலப்படத்தோடும், நிலத்தின் வகைப்பாட்டை ‘அ’ பதிவேட்டோடும் ஒப்பிட்டால், ஏரிப் புறம்போக்கா, வாய்க்கால் கரையா என்பது தெரிந்துவிடும்.

காகிதம் சொல்லாததை மண் சொல்லும். ஆகவே, மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் சென்று, அண்டை வீட்டுச் சுவரில் படிந்த நீர்க்கறையின் உயரத்தைக் கவனிப்பதும், கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்பதும், முன்பு எவ்வளவு தண்ணீர் நின்றதென ஊராரை விசாரிப்பதும் அவசியம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறக்கலாகாது. ஆயுள்கால சேமிப்பை மண்ணில் போடுகிறவர், அவசரப்படுத்தும் தரகரைவிடத் தம் நிதானத்தையே நம்புவாராக.