ஆட்டுப்பால் சோப்பு செய்யப்போறீங்களா? முதலில் பாலை உறைய வையுங்கள்!

மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி என்றதும் சமணர் மலையும், அடிவாரத்துத் தாமரைக்குளமும், அய்யனார் கோயிலும்தான் நினைவுக்கு வரும். லீவு நாளில் மலை ஏறிப் பார்த்துவிட்டு ஆலமர நிழலில் உட்காருபவர்களின் கண்ணில், பாறைச்சரிவில் மேயும் வெள்ளாடுகளும் படாமல் போகாது. அந்த ஆடுகளைப் பார்த்ததும், ‘ஆட்டுப்பால் சோப்பு செய்தால் என்ன?’ என்று இப்போது பலருக்கும் தோன்றுகிறது. செய்யலாம். ஆனால், அதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதல் சிக்கல் பாலின் அளவு. தென்மாவட்டங்களில் வளர்க்கப்படும் கன்னி ஆடு, கொடி ஆடு போன்றவை பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. குட்டி குடித்தது போக ஒரு டம்ளர் பால் கிடைத்தால் பெரிய விஷயம். குட்டியின் பங்கில் கை வைக்கவும் கூடாது. ஆக, ஒரு தடவை சோப்பு செய்யத் தேவையான பாலை நாலைந்து நாள் சேர்த்துத்தான் ஆக வேண்டும். இரண்டாவது சிக்கல் சூடு. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டாலே கொதிநிலைக்குப் பக்கத்தில் போய்விடும். பாலில் போட்டால், பாலில் இருக்கும் சர்க்கரை கருகி, கலவை ஆரஞ்சாகி, பிறகு பழுப்பாகி, வீடே நாறும். இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து ஃப்ரீசர்தான்.

சோப்புக்குத்தானே என்று பச்சைப்பாலையே அப்படியே உறைய வைப்பவர்கள் உண்டு. காய்ச்சி வைப்பதுதான் நல்லது. ஆட்டுப்பாலில் கொழுப்பை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. பச்சைப்பாலை நாள்பட வைத்தால் அது மெதுவாக வேலை செய்து, ‘ஆட்டு வாடை’யைக் கூட்டிவிடும். அந்த வாடைக்குக் காரணமான கொழுப்பு அமிலங்களுக்கு கேப்ரிக், கேப்ரிலிக் என்று பெயர்; லத்தீனில் ‘கேப்ரா’ என்றால் ஆடு! (இதே அமிலங்கள் நம் தேங்காய் எண்ணெயிலும் இருக்கின்றன என்பது வேடிக்கை.) கிடாவை ஒட்டிக் கட்டியிருக்கும் ஆட்டின் பாலில் வாடை இன்னும் தூக்கலாக இருக்கும். ஈன்ற முதல் சில நாள் சீம்பால் குட்டிக்கு மட்டுமே.

பாலைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, நன்றாக ஆறியதும் ஐஸ் ட்ரேயில் முக்கால் அளவு ஊற்றுங்கள். உறையும்போது பால் உப்பும், விளிம்புவரை ஊற்றினால் வழிந்துவிடும். கட்டியானதும் ஜிப் கவரில் போட்டு, எடையையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். மீன் வைக்கும் ஃப்ரீசராக இருந்தால் இரண்டு கவர் போடுங்கள். மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. உருகினால் கொழுப்பு தனியாகப் பிரிந்து திரிதிரியாகத் தெரியும். குடிக்கத்தான் அது பிடிக்காது, சோப்புக்கு ஒன்றும் கெடுதல் இல்லை.

கரண்ட் கட் ஆகி, பால் உருகி மறுபடி உறைந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், பால் உருகியிருக்கிறது என்று அர்த்தம். புளித்த பாலில் இருக்கும் அமிலம் காஸ்டிக்கில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், கணக்கு மாறும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி கணக்கு. தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம் எடுத்தால், காஸ்டிக் சோடா 76 கிராம், உறைந்த பால் 165 கிராம். எண்ணெயில் சுமார் 7 சதவிகிதம் சோப்பாகாமல் மிஞ்சும்படி போட்ட கணக்கு இது. எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் அளவும் மாறும். கண் மதிப்பு, கப் அளவு எல்லாம் இங்கே உதவாது. கிராம் தராசு வேண்டும். சாக்கடை அடைப்புக்கு விற்கும் பொடியை வாங்கிவிடாதீர்கள், அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும்.

பால் கட்டிகளை ஸ்டீல் பாத்திரத்தில் போட்டு, அதை ஐஸ் தண்ணீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். காஸ்டிக்கைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கிளறுங்கள். கால் மணி நேரமாவது ஆகும், பொறுமை வேண்டும். வெளிர் மஞ்சளில் நின்றால் சரி. பால்கொழுப்பு அப்போதே சோப்பாகத் தொடங்குவதால் கலவை குழம்பாகும். கரையாத காஸ்டிக் துணுக்கு அதில் ஒளிந்திருக்கலாம் என்பதால், ஸ்டீல் வடிகட்டியில் வடிகட்டியே எண்ணெயில் ஊற்றுங்கள். லேசான அமோனியா நெடி வரும், சில நாளில் போய்விடும்.

பிளெண்டரால் அடித்து, கஸ்டர்டு பதம் வந்ததும் அச்சில் ஊற்றுங்கள். மற்ற சோப்புகளைத் துண்டு போட்டு மூடி வைப்பார்கள். பால் சோப்புக்கு அது வேண்டாம். மதுரை வெயிலில் அது தானாகவே சூடேறி நடுவில் வெடிக்கும். முதல் நாள் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். துண்டு போட்ட பிறகு, நிழலில் 4 முதல் 6 வாரம் காய வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். தோலில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாமல், குழாயைத் திறந்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை. எல்லாவற்றையும்விட முக்கியம், மிஞ்சிய காஸ்டிக்கைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை ஒரு வாய் குடித்தால் உணவுக்குழாய் வெந்துபோகும்.

ஆட்டுப்பால் சோப்பு எக்ஸிமாவைக் குணமாக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். காஸ்டிக்கோடு சேர்ந்த பிறகு, பாலின் சத்து பாலில் இருந்தபடி இருக்காது. நுரை மெத்தென்று இருக்கும், குளித்த பிறகு தோல் இழுக்காது. அதற்காகச் செய்யலாம்.

வீட்டுக்கும் உறவுகளுக்கும் செய்வதோடு நின்றால் பிரச்னை இல்லை. விற்பதென்றால், குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும். சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து செய்ய நினைப்பவர்கள், அச்சு வாங்கும் முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.